குவாத்தமாலா ஏலக்காயும் எங்க ஊர் உபதேசியாரும்

மக்களே, இது கொஞ்சம் சீரியஸ் பதிவு. சினிமா, கிரிக்கெட், ஆபீஸ் புலம்பல் எதிர்பார்த்து வந்தவங்க அப்படியே அடுத்த கடைக்கு நகர்ந்துடலாம், கோவிச்சுக்க மாட்டேன் :-)

கூட பொட்டி தட்டுற நண்பர் ஒருத்தர் போன வாரம் கேட்டார். "ஏம்ப்பா, உங்க சர்ச்சுல ஒரு ஐயர் ஆகறதுக்கு நாலஞ்சு வருஷம் காலேஜாமே? அதுல கிரேக்கம், எபிரெயு எல்லாம் படிக்கணுமாமே? எதுக்கு?" (தெரியாதவங்களுக்கு: தென் தமிழ்நாட்டு சி.எஸ்.ஐ. வட்டாரத்தில் போதகரை 'ஐயர்'னுதான் கூப்பிடுவோம். உடனே சாதியை நினைச்சுக்கிட்டு கும்மி அடிக்க வராதீங்க.) அவர் கிண்டலாத்தான் கேட்டார். எனக்கு ரொம்ப நாளா உள்ளே கிடந்த ஒரு கடுப்பு கிளம்பிடுச்சு. அவருக்கு நாலு வரியில் பதில் சொல்ல முடியலை, அதான் இங்க கொட்டறேன்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் அடிக்கிறவங்க அடிங்க. படிப்பு வேணும். நிறையவே வேணும். ஆனா படிப்பு இருக்கிற ஊருக்கு ஆளைக் கூட்டிட்டுப் போய், டிகிரி கொடுத்து, திரும்ப மலையடிவாரத்துக்கு அனுப்பற முறை எங்க பக்கத்துக்குச் சரிப்படலை. அங்கேயே இருக்கிற ஆளுக்கு, அவர் வேலையை விடாமலே, தமிழ்லயே இறையியல் சொல்லிக் கொடுத்து, அவருக்கே குருப்பட்டமும் கொடுக்கணும். மூணாவது பாயிண்ட்டுதான் முக்கியம். அதைத்தான் முந்நூறு வருஷமா தள்ளிப் போட்டுக்கிட்டே வர்றாங்க.

எங்க பக்கம்னா போடிநாயக்கனூர். காலையில் இருட்டு பிரியறதுக்குள்ள ஜீப் ஜீப்பா ஆட்கள், முக்கால்வாசி பொம்பளைங்க, போடிமெட்டு ஏறி கேரளா பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் போவாங்க. குனிஞ்சபடியே செடியோட தூர்ல தொங்குற சரத்திலிருந்து காய் எடுக்கணும். மழைக்காலத்தில் அட்டைக்கடி வேற. பொழுது சாயத்தான் வீடு. இவங்கள்ல ஒரு பகுதி கிறிஸ்தவங்க. அடிவாரத்தில் ஓட்டுக்கூரை, தகரக்கூரை போட்ட சின்னச் சின்ன சபைகள். இருபது குடும்பம், முப்பது குடும்பம். ஒவ்வொண்ணுக்கும் தனி ஐயர் கட்டுப்படியாகாது. பல சபைகளைச் சேர்த்து ஒரு சேகரம், அதுக்கு ஒரு ஐயர். அவர் டவுன்ல இருப்பார். மனுஷன் என்ன பண்ணுவார் பாவம், ஞாயித்துக்கிழமை ஒண்ணுதானே இருக்கு வாரத்துல? முறை வெச்சுத்தான் வர முடியும். அவர் வந்தாத்தான் திருவிருந்து. வராத வாரங்கள்ல உபதேசியார் ஜெபம் நடத்துவார், பிரசங்கம் பண்ணுவார், அப்பமும் ரசமும் மட்டும் கொடுக்க முடியாது. சட்டம் அப்படி. இப்போ பல இடத்தில் அந்த உபதேசியாரும் இல்லை.

என் தாத்தாவோட அண்ணன், நாங்க பெரிய தாத்தான்னு கூப்பிடுவோம், அப்படி ஒரு உபதேசியார். படிச்சது எட்டாங்கிளாஸ். முந்தல் வரைக்கும் சைக்கிள், அங்கிருந்து நடை. ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோர் வாசல்ல, ராத்திரி தோட்டத்திலேயே தங்கறவங்களைக் கூட்டி வெச்சு ஜெபம் நடத்துவாராம். ஒருமுறை தோட்டத்து லயத்துல ஒரு வயசான அம்மா சாகக் கிடந்தாங்க. திருவிருந்து கேட்டாங்க. இவருக்குக் கொடுக்க அதிகாரம் இல்லை. ஆள் அனுப்பி ஐயர் வந்து சேர ரெண்டு நாள். அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுச்சு. வந்த ஐயரும் நல்ல மனுஷன்தான், அடக்கத்தை நடத்திட்டு பெரிய தாத்தா கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாராம். யார் மேலயும் தப்பு இல்லை. ஆனா முப்பது வருஷம் அந்த ஜனங்களோட கிடந்தவருக்கு அந்த ஒரு துண்டு அப்பத்தை எடுத்துக் கொடுக்கத் தகுதி இல்லைன்னு சொல்ற ஒரு முறையில எங்கயோ கோளாறு இருக்கு, இல்லையா?

சரி, இந்த முறை எங்கிருந்து வந்துச்சுன்னு பார்ப்போம். வரலாறு கொட்டாவி விடவைக்கும்னு தெரியும். கொஞ்சம் பொறுத்துக்கங்க, இதுல சுவாரஸ்யமான ஆளுங்க இருக்காங்க.

1706 ஜூலையில் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கறார். திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சின்னப் பசங்களோட உக்காந்து மணல்ல எழுதித் தமிழ் படிச்ச ஆள். 1715-க்குள்ள புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடிச்சு முடிச்சாச்சு. 1716-ல் உள்ளூர்ப் பையன்களை உபதேசியாராகவும் வாத்தியாராகவும் ஆக்க ஒரு பயிற்சிப் பள்ளி ஆரம்பிக்கறார். 1719-ல் செத்துப் போறப்ப அவருக்கு 36 வயசுதான். அதாவது புராட்டஸ்டண்ட் இறையியல் படிப்பு நம்ம மண்ணில் ஆரம்பிச்சதே தமிழ்ல, உபதேசியாருக்காகத்தான்.

அப்புறம் 1733-ல் ஆரோன் என்கிற கடலூர்க்காரருக்குக் குருப்பட்டம் கொடுக்கறாங்க. முதல் இந்திய புராட்டஸ்டண்ட் குரு. அடுத்தது யார்ங்கிற பேச்சு 1741-ல் வருது. அப்போ தஞ்சாவூர்ப் பக்கம் ராஜநாயக்கன்னு ஒரு உபதேசியார் இருந்தார். முன்னாடி ராஜாவோட படையில் சிப்பாய். அவரால சபைக்கு வந்தவங்க ஏராளம். அவரை விட்டுட்டு தியோகு என்கிறவரைத் தேர்ந்தெடுத்தாங்க. காரணம் சாதி. ராஜநாயக்கன் தாழ்த்தப்பட்ட சாதி. அவர் கையால் மேல்சாதிக் கிறிஸ்தவங்க திருவிருந்து வாங்க மாட்டாங்கன்னு மிஷனரிகளே பயந்தாங்க. மனுஷன் சாகிற வரைக்கும், நாற்பது வருஷத்துக்கு மேல, உபதேசியாராகவே இருந்தார். 1771-ல் இறந்து போனார்.

இந்த ஒரு கதையை நல்லா ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி வரும்.

அடுத்து யாழ்ப்பாணம். அமெரிக்க மிஷன் 1823-ல் வட்டுக்கோட்டையில் ஒரு செமினரி நடத்த ஆரம்பிச்சாங்க. சபைக்கு ஊழியர் தயாரிக்கிறதுதான் நோக்கம். ஆனா ஆங்கிலம், கணக்கு, வானவியல்னு உச்சத்துக்குப் போயிட்டாங்க. என்ன ஆச்சு? நம்ம கேம்பஸ் பிளேஸ்மெண்ட் கதைதான் :-) இங்கிலீஷ் தெரிஞ்ச பையன் எதுக்கு உபதேசியார் சம்பளத்துக்குப் போகப் போறான்? அரசாங்க உத்தியோகத்துக்குப் போயிட்டாங்க. பாஸ்டனிலிருந்து வந்த குழு பார்த்துட்டு 1855-ல் இழுத்து மூடிட்டாங்க. தமிழுக்கு அதனால நஷ்டம் இல்லை. பழைய ஏடுகளைத் தேடிப் பதிப்பிச்ச சி.வை. தாமோதரம்பிள்ளை அங்க படிச்சவர்தான், சென்னைப் பல்கலைக்கழகத்தோட முதல் பட்டதாரிகள்ல ஒருத்தர். ஆனா கிராமத்துச் சபைக்கு ஆள் கிடைக்கலை.

அதே அமெரிக்க மிஷன்தான் 1834-ல் மதுரைக்கும் வந்தது. 1842-ல் திருமங்கலத்தில் ஆரம்பிச்ச செமினரியை 1845-ல் பசுமலைக்கு மாத்தினாங்க. பெரியகுளம் அவங்களோட ஸ்டேஷன்கள்ல ஒண்ணு. எங்க அடிவாரத்து சபைகளுக்குக் கிட்டத்தட்ட இதுதான் பூர்வீகம். 1847-ல் இவங்க ஒரு நல்ல காரியம் பண்ணாங்க. சாதியை விட்டு எல்லாரோடயும் உக்காந்து சாப்பிடணும், இல்லேன்னா இடம் இல்லைன்னுட்டாங்க. உபதேசியார்கள் உட்பட நிறைய பேர் விலகினாங்க, விலக்கப்பட்டாங்க. பசுமலை மாணவர்களும் போயிட்டாங்க. ராஜநாயக்கன் விஷயத்தில் தரங்கம்பாடி காட்டாத முதுகெலும்பை இவங்க காட்டினாங்கன்னு நான் நினைக்கிறேன்.

1892-ல் ஈவா ஸ்விஃப்ட் என்கிற அம்மா மதுரையில் பைபிள் உமன்களுக்காக ஒரு பயிற்சிப் பள்ளி ஆரம்பிச்சாங்க. இன்னைக்கு ரட்சண்யபுரம்னு சொல்ற இடம். வீடு வீடாப் போய் பொம்பளைங்களுக்கு எழுத்தும் வேதமும் சொல்லிக் கொடுத்தவங்க இந்த பைபிள் உமன்கள். ஆம்பளை மிஷனரி வாசப்படி தாண்ட முடியாத வீட்டுக்குள்ள போனவங்க. இவங்களுக்கும் குருப்பட்டம் கிடையாது. தென்னிந்தியத் திருச்சபை பெண்களைக் குருவாக்க 1970கள் வரைக்கும், ஒரு பெண் பேராயரை (நந்தியாலில் புஷ்பலலிதா) பார்க்க 2013 வரைக்கும் காத்திருக்க வேண்டியதாச்சு.

இதுல மலைக்கு என்ன இடம்னு பார்த்தா சிரிப்பு வரும். பக்கத்து மலையில் கொடைக்கானல் ஊரே 1845-ல் இந்த அமெரிக்க மிஷனரிகள் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பிக்கப் போட்ட ஊர். 1895-ல் கத்தோலிக்க சேசு சபைக்காரங்க செண்பகனூரில் தங்கள் பயிற்சிக் கல்லூரியை ஆரம்பிச்சாங்க, அதுவும் குளுகுளு இடம்தான். ரெண்டு பேரும் பெரிய காரியங்கள் செஞ்சவங்க, மறுக்கலை. மதுரை மிஷன் ஜே.எஸ். சாண்ட்லர்தான் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனுக்கு முதல் பதிப்பாசிரியர். ஆனா மலையில் போய் ஓய்வெடுக்கலாம், படிக்கலாம், தவம் பண்ணலாம். மலையில் கூலி வேலை செய்யறவன்கிட்ட போறது மட்டும் எப்பவும் எட்டாங்கிளாஸ் படிச்ச உபதேசியார் வேலை.

இன்னொரு வேடிக்கை. நம்ம ஐயர்மார் வாங்கற இறையியல் பட்டங்கள் பெரும்பாலும் செராம்பூர் செனட் கொடுக்கறது. 1818-ல் வங்காளத்தில் ஆரம்பிச்ச செராம்பூர் கல்லூரிக்குப் பட்டம் கொடுக்கும் அதிகாரம் எப்படி வந்துச்சு தெரியுமா? 1827-ல் டென்மார்க் ராஜா எழுதிக் கொடுத்த சாசனத்தால. அப்போ செராம்பூரும் டேனிஷ்காரங்க ஊர், நம்ம தரங்கம்பாடி மாதிரியே. தமிழ்நாட்டு கிராமத்து ஐயரோட சர்ட்டிபிகேட்டுக்கு மூலம் கோபன்ஹேகன்!

இப்ப தலைப்புக்கு வருவோம். எங்க ஊர் ஆளுங்ககிட்ட குவாத்தமாலான்னு சொன்னா மூஞ்சி சுருங்கிடும். உலகப்படத்தில் எங்க இருக்குன்னு தெரியாது, ஆனா ஏலக்காய் விலை இறங்கினா "குவாத்தமாலாக் காய் வந்துருச்சு"ன்னு சொல்வாங்க. இருபதாம் நூற்றாண்டு ஆரம்பத்தில் நம்ம பக்கத்துச் செடி அங்க போச்சு, இன்னைக்கு உலகத்திலேயே அதிகமா ஏலக்காய் விளைவிக்கிற நாடு அதுதான்.

அதே குவாத்தமாலாவில் பிரஸ்பிட்டேரியன் சபைக்கு ஒரு செமினரி இருந்துச்சு, தலைநகரத்தில். கிராமத்துப் பையன்களைக் கூட்டிட்டு வந்து வருஷக்கணக்கில் விடுதியில் வெச்சுப் படிக்க வைப்பாங்க. கால் நூற்றாண்டு கழிச்சுக் கணக்குப் பார்த்தா, படிச்சவங்கள்ல சபை ஊழியத்தில் நிக்கிறவங்களைக் கைவிரலில் எண்ணிடலாம். பட்டணத்துக்கு வந்தவன் மலைக்குத் திரும்பலை. அங்க கிராமங்களில் உண்மையா சபையை நடத்திட்டிருந்தவங்க யார்? குடும்பம் குட்டியோட இருந்த நடுவயசு விவசாயிங்க. அவங்களால் எல்லாத்தையும் விட்டுட்டு செமினரிக்கு வர முடியாது. அதனால 1962-ல் செமினரியை சான் ஃபெலிப்பேங்கிற சின்ன ஊருக்கு மாத்தினாங்க. அதுவும் பத்தலைன்னு 1963-ல் தலைகீழாத் திருப்பினாங்க. மாணவன் வர வேண்டாம், வாத்தியார் போகட்டும். தினமும் வீட்டிலேயே தானா படிக்கிற மாதிரி பாடப் புத்தகம். வாரம் ஒருமுறை பக்கத்து ஊரில் வாத்தியாரோட கலந்துரையாடல். படிச்சதை அந்த ஞாயித்துக்கிழமையே சபையில் செஞ்சு பார்க்கிறது. விரிவாக்க இறையியல் கல்வின்னு பேர். உலகம் பூரா பரவுச்சு. 1971-ல் பெங்களூரில் டாஃப்டீ என்கிற அமைப்பு இதை இந்தியாவுக்குக் கொண்டு வந்தது.

நம்ம ஏலக்காயை அவங்க எடுத்துக்கிட்டாங்க, அவங்க ஐடியாவை நாம முழுசா எடுத்துக்கலை. பாதிதான் எடுத்தோம். இங்க இந்தப் படிப்பு பெரும்பாலும் வேலையில் இருக்கிற படிச்சவங்க வேத அறிவை வளர்த்துக்கறதுக்குப் போய்டுச்சு. இதைப் படிச்சு முடிச்ச ஒரு தோட்டத் தொழிலாளி தன் சபைக்கே குருவானதை எங்க பக்கத்தில் நான் பார்த்ததில்லை.

இது ஏதோ வெளிநாட்டு ஃபேஷன்னு நினைக்க வேண்டாம். எங்க மதுரை-ராமநாதபுரம் திருமண்டலத்தோட முதல் பேராயர் லெஸ்லி நியூபிகின். 1947 செப்டம்பர் 27-ல் சி.எஸ்.ஐ. உருவானப்ப பேராயரானவர், வயசு 37. 1959 வரைக்கும் இங்க இருந்தார். சம்பளம் வாங்காத உள்ளூர்த் தலைவர்களை நம்பித்தான் கிராம சபை வளரணும்னு அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அவருக்கு முன்னாடியே 1912-ல் ரோலண்ட் ஆலன்னு ஒரு ஆங்கிலிக்கன் குரு, பவுல் போன ஊர்ல எல்லாம் உள்ளூர் ஆளைத்தானே மூப்பராக்கினார், நீங்க ஏன் நூறு வருஷம் இழுக்கறீங்கன்னு புத்தகமே போட்டார். யாரும் கேட்கலை.

மதுரை அரசரடியில் இருக்கிற தமிழ்நாடு இறையியல் கல்லூரியையும் சொல்லியாகணும். போடி பஸ்ஸுல போறப்ப எல்லாரும் கடந்து போற இடம். 1969-ல் சி.எஸ்.ஐ.யும் லுத்தரன் சபைகளும் சேர்ந்து உருவாக்கினது. மாணவர்களை வளாகத்துக்கு வெளியே அனுப்பி, குடிசைப் பகுதிகளில் ஏழைகளோட தங்கிப் படிக்க வெச்சாங்க. அங்க பாடம் எடுத்தவர் தியாபிலஸ் அப்பாவு, 'பரட்டை'ன்னாதான் நிறைய பேருக்குத் தெரியும். கர்நாடக ராகத்துக் கீர்த்தனையும் இங்கிலீஷ் பாமாலையும் மட்டும்தான் ஆராதனையாங்கிற கேள்வியைக் கேட்டு, கிராமத்துப் பேச்சுத் தமிழில், நாட்டுப்புற மெட்டில், பறையோட ஒரு வழிபாட்டு முறையையே எழுதினவர். எல்லாரும் ஒரே உலையில் பொங்கிச் சாப்பிடறதுதான் அவர் இறையியலுக்கு மையம். 2005-ல் இறந்துட்டார். 2014-ல் சோயி ஷெரினியன் என்கிற அமெரிக்க ஆய்வாளர் அவர் இசையைப் பத்தித் தனிப் புத்தகம் எழுதியிருக்காங்க. நம்மாளுங்கள்ல எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்?

அரசரடி முயற்சி மேல எனக்கு ரொம்ப மரியாதை உண்டு. ஆனா அதுவும் படிக்கிறவனை ஏழைகிட்ட அனுப்பினது. ஏழையையே படிக்கிறவனா, குருவா ஆக்கற அடுத்த படி பாக்கி இருக்கு.

இனி எதிர்வாதங்கள். நீங்க பின்னூட்டத்தில் கேக்கறதுக்கு முன்னாடி நானே கேட்டுடறேன்.

ஒண்ணு: "படிப்பு குறைஞ்சா கண்டவனும் மைக் பிடிச்சு தீர்க்கதரிசி ஆயிடுவான்." நியாயமான பயம். ஆனா இப்பவே அதுதான் நடக்குது. ஐயர் மாசத்துக்கு ஒருநாள் வர்ற ஊரில், பக்கத்துத் தெருவில் ஆறு மாசம் ஏதோ ஒரு பைபிள் காலேஜில் படிச்ச ஒருத்தர் தினமும் ஜெபக்கூட்டம் போடறார். காசு கொடுத்தா 'டாக்டர்' பட்டம் கொடுக்கற இடங்களும் இருக்கு. ஜனங்க ஏன் அங்க போறாங்க? ராத்திரி பத்து மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல்னா ஜெபிக்க அவர் வர்றார், அவ்வளவுதான். நான் படிப்பைக் குறைக்கச் சொல்லலை. நாலு வருஷப் படிப்பை எட்டு வருஷமா நீட்டி, வாரத்துக்கு ரெண்டு ராத்திரி கொடுங்கன்னு சொல்றேன்.

ரெண்டு: "டெக்னிக்கலா முடியாது." 2020 ஊரடங்கில் நான் போடியில் மொட்டை மாடியில் உக்காந்து, பார்த்தே இராத ஒரு நாட்டு பேங்குக்குக் கோடு அடிச்சேன். அடிவாரத்தில் கூலிக்குப் போறவங்க கையிலயும் இன்னைக்கு ஸ்மார்ட்போன் இருக்கு. தமிழில் ஒலிப்பாடமா கொடுத்தா ஜீப்புல போகும்போதே கேட்பாங்க. இது ஒரு பிரச்னையே இல்லை.

மூணு: இதுதான் என்னைத் தூங்கவிடாத கேள்வி. உள்ளூர் ஆளையே குருவாக்கினா, உள்ளூர் சாதி அவரை விடுமா? ராஜநாயக்கன் கதையை ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேனே, இதுக்குத்தான். வெளியூர் ஐயர்னா மூணு வருஷத்தில் மாறுதல் ஆயிடுவார், யாரும் பெரிசா முறுக்க மாட்டாங்க. பக்கத்து வீட்டு மாரியோட பையன், நேத்து வரைக்கும் கூட ஜீப்புல வந்தவன், அவன் கையால் அப்பம் வாங்கணும்னா சிலருக்குக் கை நீளாது. இல்லேன்னா ஊரில் ஆள்பலம் இருக்கிற சாதிக்காரனே எப்பவும் குரு ஆவான். ரெண்டுமே நடக்கும். நான் மழுப்ப விரும்பலை.

ஆனா யோசிச்சுப் பாருங்க. அந்தக் கை நீளுமா நீளாதாங்கிற கேள்வியை வெளியூர் ஐயர் தீர்க்கலை, தள்ளித்தான் வெச்சார். 1741-ல் தள்ளி வெச்சது இன்னும் தள்ளியே கிடக்கு. 1847-ல் மதுரை மிஷன் செஞ்ச மாதிரி ஆள் போனாலும் பரவாயில்லைன்னு நிக்கிற ஒரு மேலிடம் இருந்தாத்தான் இது முடியும். ஆகவே தேர்வு உள்ளூர்ச் சபை கையில் மட்டும் இருக்கக் கூடாது. திருமண்டலம் தேர்ந்தெடுக்கணும், படிக்கிறவங்கள்ல பாதி பேர் பெண்களா இருக்கணும் (ஜீப்புல போறதே அவங்கதானே), சபை ஏத்துக்கலேன்னா குருவை மாத்தாம சபையோட பேசணும். கஷ்டம்தான். அதுக்கு இறையியல் படிப்பைத்தானே நம்பணும்? இல்லேன்னா அந்தக் கிரேக்கமும் எபிரெயுவும் எதுக்கு?

நண்பர் கேட்ட கேள்விக்கு என் பதில் இவ்வளவுதான்: நாலஞ்சு வருஷம் படிக்கிறது தப்பே இல்லை, அதை எங்க உக்காந்து, யார் படிக்கிறாங்கன்னு மட்டும் கேளுங்க. எங்க பக்கத்து பேராயர் அலுவலகங்களில் யாராவது தப்பித்தவறி இதைப் படிச்சா, பத்தே பத்துப் பேரை வெச்சு, போடி அடிவாரத்தில் ஒரு முயற்சி பண்ணிப் பார்க்கலாம். பாடத்தை ஏத்தற ஆப் வேலையை நான் சும்மாவே செஞ்சு தர்றேன்.

டிஸ்கி 1: நான் இறையியல் படிச்சவன் இல்லை. இன்ஜினியரிங், அதுவும் அரியரோட :-)

டிஸ்கி 2: குருப்பட்டம், அப்போஸ்தல வாரிசுரிமைன்னு சட்ட நுணுக்கம் தெரிஞ்ச பெரியவங்க இருந்தா பின்னூட்டத்தில் வந்து விளக்குங்க, சண்டைக்கு வர மாட்டேன். கத்தோலிக்க, பெந்தெகோஸ்தே நண்பர்கள் உங்க பக்கத்து நிலவரத்தையும் சொல்லுங்க. மதச்சண்டை போட வர்றவங்களுக்கு மட்டும் கடை மூடியாச்சு. நாளைக்கு ரிலீஸ், ஆணி நிறைய. வர்ட்டா.